ஸ்காண்டிநேவியாவை வலமாகச் சுற்றுங்கள்

ஜூன் மாதத்தில் மூன்று வாரம் கையில் இருக்கிறது, நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மட்டும்தான், அந்த ஊர் ரோட்டில் கார் ஓட்ட இருவருக்கும் தைரியம் இல்லை, கொடி பிடித்தவர் பின்னால் ஓடுகிற டூரும் வேண்டாம். ரயில், பஸ், கப்பலை வைத்தே டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நானும் என் கணவரும் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இரண்டு தடவை அப்படித்தான் போய் வந்தோம். முதல் தடவை பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே பெரும்பாலும் சொல்லப் போகிறேன்.

முதல் தடவை இடமாகச் சுற்றினோம். கோபன்ஹேகனில் இறங்கி ஸ்டாக்ஹோம், அங்கிருந்து வடக்கே நார்விக், லோஃபோட்டன் தீவுகள், கப்பலில் பூடோ, அப்படியே தெற்கே இறங்கி பெர்கன். வரைபடத்தில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் தெற்கு நோக்கி வரும் கடலோரக் கப்பல் பூடோவைத் தொடுவது நடு இரவு தாண்டி இரண்டு, இரண்டரை மணிக்கு. ஜூன் மாதம், வெளிச்சம் இருந்தது. துறைமுகத்தில் ஈ காக்கை இல்லை. பெட்டியை உருட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தோம். "ஏம்மா, டைம்டேபிளைப் பார்த்துத்தானே புக் பண்ணினே?" என்று அவர் கேட்டார். காலை ஆறு மணி வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை.

அதே கப்பல் வடக்கே போகும்போது மதியம் மூன்றரை மணி வாக்கில் பூடோவில் கிளம்பி இரவு ஒன்பதுக்கு லோஃபோட்டனில் உள்ள ஸ்வோல்வேரில் கொண்டு சேர்க்கும். ஆறு மணி நேரக் கடல் பயணம், முழுக்கப் பகல் வெளிச்சத்தில். அதனால் இரண்டாம் தடவை கோயில் பிராகாரத்தில் போவது போல வலமாகப் போனோம்: கோபன்ஹேகன், ஓஸ்லோ, பெர்கன், ட்ரொன்ஹெய்ம், பூடோ, லோஃபோட்டன், நார்விக், அபிஸ்கோ, ஸ்டாக்ஹோம், மறுபடி கோபன்ஹேகன். உங்களுக்கும் அதையே சொல்வேன். மூன்று வாரத்துக்குக் கச்சிதமாக இருக்கும். நாள் போதாது என்று தோன்றினால் ஊரைக் குறையுங்கள், திசையை மாற்றாதீர்கள்.

கோபன்ஹேகனுக்கு இரண்டு நாள் போதும். விமான நிலையத்திலிருந்து ஓட்டுநர் இல்லாத மெட்ரோ கால் மணி நேரத்தில் ஊர் நடுவில் விட்டுவிடும், இரவு பகலாக ஓடுகிறது. அங்கிருந்து ஓஸ்லோவுக்கு ரயிலில் போகலாம், ஸ்வீடனின் கோத்தன்பர்கில் வண்டி மாற வேண்டும், ஒரு பகல் பொழுது அதிலேயே போய்விடும். நாங்கள் இரவுக் கப்பலில் போனோம். மதியம் ஏறினால் மறுநாள் காலை பத்து மணி வாக்கில் ஓஸ்லோ. அறை வாடகை ஒரு ராத்திரிக்கு மிச்சம். கடைசி ஒன்றிரண்டு மணி நேரம் ஓஸ்லோ ஃபியோர்டுக்குள் (நிலத்துக்குள் நீளமாக நுழைந்து போகும் குறுகிய கடல்) கப்பல் ஊர்ந்து போவதை டெக்கில் நின்று பார்க்கத் தவறாதீர்கள்.

ஓஸ்லோவில் ஒரு விஷயம் எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஊர் பஸ், டிராம், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ரூட்டர் என்ற ஒரே டிக்கெட்தான், அதே டிக்கெட்டில் துறைமுகத்திலிருந்து எதிரே உள்ள குட்டித் தீவுகளுக்குப் படகிலும் போகலாம். தனியாகக் காசு கொடுத்து ஃபியோர்டு உலா போக வேண்டியதே இல்லை. ஹோவெடோயா தீவில் பழைய மடாலயத்தின் இடிபாடுகள் இருக்கின்றன; சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் உட்காரலாம். ஸ்டேஷனில் கேட் எதுவும் கிடையாது, யாரும் கேட்கவில்லையே என்று டிக்கெட் எடுக்காமல் ஏறிவிடாதீர்கள். பரிசோதகர் பிடித்தால் அபராதம் ஆயிரம் குரோனர் அளவில் தீட்டிவிடுவார். விமான நிலையத்துக்குப் போவதாக இருந்தாலும் பகட்டான விரைவு ரயிலை விட்டுவிட்டு சாதாரண ரயிலில் ஏறுங்கள். நாலைந்து நிமிடம்தான் கூடுதல், விலை கிட்டத்தட்டப் பாதி.

இப்போது பெர்கன் ரயில். உங்கள் பயணத்தில் எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். 1909-இல் திறந்த பாதை. ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ஆறரை, ஏழு மணி நேரம். முதல் இரண்டு மணி நேரம் காடும் ஏரியுமாகப் போகும், அப்புறம் மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் மரமே இருக்காது. வெறும் பாறை, பனி, தண்ணீர். ஃபின்சே என்ற ஸ்டேஷன் 1222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நார்வே ரயில்வேயின் மிக உயரமான ஸ்டேஷன். அந்த ஊருக்குக் கார் போகும் சாலையே கிடையாது. கார் ஓட்டத் தெரியாதே என்று நாம் கவலைப்படுகிறோம், அங்கே காரை வைத்துக்கொண்டிருப்பவரும் அதை விட்டுவிட்டு ரயிலில்தான் வர வேண்டும்!

இரண்டாம் தடவை ஃபின்சேயில் வேண்டுமென்றே இறங்கினோம், அடுத்த ரயிலுக்குத் தனி டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். ஜூன் பாதி ஆகியிருந்தது, ஏரியில் இன்னும் பனிக்கட்டி, கரையோரம் மட்டும் நீலமாக ஒரு கோடு. ஓஸ்லோ விடுதிச் சமையலறையில் காலையில் கிளறிய புளிச்சோறு டப்பாவில் இருந்தது. ஸ்டேஷன் சுவரில் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிட்டோம். கையுறையைக் கழற்றினால்தான் கையால் சாப்பிட முடியும், கழற்றினால் விரல் மரத்துப்போகிறது. அவர் நாலு வாய் சாப்பிடுவார், கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வார், மறுபடி நாலு வாய். கோட்டுப் பையில் அந்த எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.

மிர்டால் ஸ்டேஷனில் பெர்கன் ரயிலை விட்டிறங்கி ஃப்ளோம் ரயிலுக்கு மாறுங்கள். 20 கிலோமீட்டர்தான், ஆனால் 867 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்குகிறது. 20 சுரங்கங்கள், அவற்றில் 18 கையால் குடைந்தவை. நடுவில் ஓர் அருவிக்கு எதிரே வண்டி நிற்கும், எல்லோரும் இறங்குவார்கள், பாட்டு ஒலிக்கும், பாறை மேல் சிவப்பு உடையில் ஒரு மோகினி வந்து ஆடுவாள். கோடைக்கால ஏற்பாடு. என் கணவருக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கு அருவி மட்டும் போதும் என்று இருந்தது. ஃப்ளோமில் ஓர் இரவு தங்குங்கள், விலை கடுமைதான். பகலில் சொகுசுக் கப்பல் கூட்டம் நெரியும், மாலை ஐந்து மணிக்கு மேல் ஊர் உங்களுடையது. மறுநாள் படகில் குட்வாங்கனுக்கு இரண்டு மணி நேரம். அது போகும் நேரோய் ஃபியோர்டு 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குட்வாங்கனிலிருந்து பஸ்ஸில் வோஸ், வோஸிலிருந்து ரயிலில் பெர்கன். இதையெல்லாம் கோத்து ஒரே பொட்டலமாக விற்பார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நாமே வாங்கலாம், நடுவில் தங்கும் நாளும் நம் விருப்பம்.

பெர்கனில் மழை பெய்யும். வானிலை அறிக்கை என்ன சொன்னாலும் பெய்யும். மழைக்கோட்டோடு இரண்டு நாள் இருங்கள்.

பெர்கனிலிருந்து ட்ரொன்ஹெய்முக்கு நேர் ரயில் கிடையாது, இங்கேதான் எல்லோரும் திணறுவார்கள். ஒன்று, ஓஸ்லோவுக்கே திரும்பி வடக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு பகல். அல்லது பெர்கனில் மாலையில் கிளம்பும் கடலோரக் கப்பலில் இரண்டு இரவு தூங்கினால் மூன்றாம் நாள் காலை ட்ரொன்ஹெய்ம். 1893-இல் தபாலும் சரக்கும் கொண்டுபோகத் தொடங்கிய சேவை அது; பெர்கனுக்கும் ரஷ்ய எல்லையோரக் கிர்கெனெஸுக்கும் நடுவே 34 துறைமுகங்களைத் தொடுகிறது. இப்போது இரண்டு கம்பெனிகள் பங்கு போட்டு ஓட்டுகின்றன. இந்தத் துண்டுக்கு அறை எடுத்தாக வேண்டும், செலவு உண்டு. நாங்கள் மற்ற எல்லாவற்றிலும் கையைச் சுருக்கி இதற்குக் கொடுத்தோம்.

ட்ரொன்ஹெய்மிலிருந்து பூடோவுக்கு 729 கிலோமீட்டர், சுமார் பத்து மணி நேரம். பகல் ரயிலில் போனால் மாலையில்தான் போய்ச் சேரும், அன்றைய கப்பல் போயிருக்கும். இரவு ரயிலில் போனால் காலையில் பூடோ, குளித்துச் சாப்பிட்டுக் கப்பலுக்குப் போக நேரம் இருக்கும். தூங்கும் அறையை இருவருக்குமாகச் சேர்த்து ஒரே விலைக்கு விற்கிறார்கள், தம்பதிக்கு அது லாபம். ஆனால் தூங்குவீர்களா என்பது வேறு விஷயம். இரவு ஒரு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே வெயில் காலத்து விடியற்காலை போல இருக்கும். கண் கட்டும் துணி கொண்டுபோங்கள். ஆர்க்டிக் வட்டத்தைக் கடப்பதையாவது விழித்திருந்து பாருங்கள்.

பூடோ–ஸ்வோல்வேர் கப்பலுக்கு அறை வேண்டாம். ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்த துறைமுகத்துக்கு என்று சாதாரண டிக்கெட் எடுத்துக்கொண்டு, மேல்தளத்து ஜன்னலோர நாற்காலியில் இடம் பிடித்தால் போதும். பாதி வழியில் லோஃபோட்டன் மலைகள் தண்ணீருக்கு மேல் ஒரே மதில் சுவராகத் தெரியத் தொடங்கும், கிட்டே போகப் போகத்தான் அது தனித்தனித் தீவுகள் என்று புரியும்.

லோஃபோட்டனுக்கு நாலு நாள் கொடுங்கள். பஸ் உண்டு, ஆனால் நகரத்து பஸ் போல நினைக்காதீர்கள். சில ஊர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று நாலு நடைதான், ஞாயிற்றுக்கிழமை அதிலும் குறைவு. சில வண்டிகள் பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் மட்டும் ஓடும், ஜூன் மூன்றாவது வாரத்தில் பள்ளி விடுமுறை வந்ததும் அவை நின்றுவிடும். டைம்டேபிளில் நட்சத்திரக் குறி போட்டு அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் வரியைப் படிக்காமல் எந்த பஸ்ஸையும் நம்பாதீர்கள். நிறுத்தத்தில் சும்மா நின்றால் ஓட்டுநர் நிறுத்தாமல் போகலாம், கையை நன்றாக நீட்டுங்கள். ஸ்வோல்வேரில் தங்கிக்கொண்டு ஹென்னிங்ஸ்வேருக்குப் போய் வாருங்கள். ஊர் எல்லையில் மரச்சட்டங்களில் காட் மீன் காயும். பிப்ரவரியிலிருந்து தொங்கவிட்டு ஜூன் வாக்கில் இறக்குவார்கள். உப்பே போடாத கருவாடு, வெறும் காற்றிலும் குளிரிலும் காய்ந்தது. மீன் தலைகளைத் தனியாகக் கோத்துக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். வாசனை பிடித்ததும் எங்களுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. (எண்பதுகளில் இன்னும் வடக்கே ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழர்களுக்கு இந்த வாசனை எப்படி இருந்திருக்கும் என்று அவர் கேட்டார்.)

ஸ்வோல்வேரிலிருந்து நார்விக்குக்கு 300-ஆம் எண் பஸ், நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நார்விக்கில் ரயில் இருக்கிறது, ஆனால் அது நார்வேயின் மற்ற ரயில்களோடு சேராது. ஸ்வீடனோடு மட்டும்தான் சேரும். கிரூனா சுரங்கத்தின் இரும்புத் தாதுவை உறையாத துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட பாதை. எதிரே 68 வேகன் தாது ரயில் வந்தால் எண்ணிப் பாருங்கள், எங்களுக்கு நாற்பதில் கணக்கு விட்டுப்போனது. ஒன்றரை மணி நேரத்தில் அபிஸ்கோ. அங்கே இரண்டு ஸ்டேஷன்கள் இருக்கின்றன. தேசியப் பூங்காவுக்கும் மலை விடுதிக்கும் போக வேண்டுமானால் அபிஸ்கோ டூரிஸ்ட்ஸ்டேஷனில் இறங்க வேண்டும். கிராமமும் கடையும் அபிஸ்கோ ஓஸ்ட்ராவில். மாற்றி இறங்கினால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் பெட்டியோடு நடை.

அபிஸ்கோவில் இரண்டு மூன்று நாள் நடந்துவிட்டு இரவு ரயிலில் ஸ்டாக்ஹோம். தூங்கும் அறை பிடித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஆறு பேர் படுக்கும் பெட்டி, நம்ம ஊர் ஸ்லீப்பர் மாதிரி. ஸ்டாக்ஹோமில் மூன்று நாள். கார்டைத் தட்டினால் 75 நிமிடத்துக்கு மெட்ரோ, பஸ், டிராம், யூர்கோர்டன் தீவுக்குப் போகும் படகு எல்லாம் அடங்கும். மெட்ரோ ஸ்டேஷன்களே பாதி அருங்காட்சியகம். நீல வழித்தடத்தில் பாறையைக் குடைந்து அப்படியே வண்ணம் தீட்டியிருப்பார்கள். ஒரு மழை நாளை அதற்கு ஒதுக்கினோம், இரண்டு டிக்கெட் செலவு. அப்புறம் ஐந்து மணி நேர ரயிலில் கோபன்ஹேகன். கடைசியில் மால்மோவைத் தாண்டி 2000-இல் திறந்த ஓரெசுந்த் பாலம். பாதிக் கடல் மேலே போய், ஒரு செயற்கைத் தீவில் இறங்கி, மீதியைக் கடலுக்கடியில் சுரங்கத்தில் கடக்கும். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் பூட்டாமல் கையோடு வைத்திருங்கள், நாட்டெல்லை தாண்டுகையில் கேட்கலாம்.

டிக்கெட் விஷயம். நீண்ட தூர ரயில்களின் விலை விமான டிக்கெட் போல, முன்னால் எடுத்தால் மலிவு, கடைசி நாளில் கையைக் கடிக்கும். நார்வேக்கு என்டூர் ஆப்பில் எல்லா ரயில், பஸ், படகு நேரமும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஸ்வீடன் ரயில்களை எஸ்ஜே ஆப்பிலும், டென்மார்க் நேரங்களை ரெய்ஸெப்ளானனிலும் பாருங்கள். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு யூரெயில் பாஸ் உண்டு, பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ். தேதி முடிவான இந்தச் சுற்றுக்கு அது லாபமாக எனக்குத் தோன்றவில்லை. நீளமான ரயில் பயணம் ஐந்தாறுதான், பாஸ் இருந்தாலும் தூங்கும் அறைக்குத் தனிக் காசு, ஃப்ளோம் ரயிலுக்குத் தனி டிக்கெட். தேதியை முடிவு செய்யாமல் மனம் போனபடி சுற்றுபவர்களுக்கு பாஸ் சரி.

ரயிலும் பஸ்ஸும் இணையும் இடத்தில் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக வாங்க முடிந்தால் அப்படியே வாங்குங்கள். முதல் பயணத்தில் ஓர் இடத்தில் ரயில் 25 நிமிடம் தாமதமாக வந்தது, பஸ் தன் நேரத்துக்குப் போய்விட்டது. தனித்தனி டிக்கெட், ஆகவே எங்களுக்கு யாரும் பொறுப்பில்லை. அடுத்த பஸ் மறுநாள். ஸ்வீடனில் ரெஸ்ப்ளஸ் என்று பல கம்பெனி வண்டிகளைச் சேர்த்து ஒரே டிக்கெட் விற்கிறார்கள், ஒன்று தவறினால் ஊர் கொண்டு சேர்ப்பது அவர்கள் பாடு. தனித்தனியாக வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அன்றைய கடைசி வண்டிக்கு ஒரு வண்டி முன்னதையே குறி வையுங்கள்.

நார்வேயில் கோடையில்தான் தண்டவாள வேலை பார்ப்பார்கள். "பஸ் ஃபோர் டோக்" என்று பலகையில் பார்த்தால் ரயிலுக்குப் பதில் பஸ் என்று அர்த்தம், ஓஸ்லோவைச் சுற்றி இது வருடா வருடம் வரும். இயற்கையும் சும்மா இருப்பதில்லை. 2023 ஆகஸ்டில் ஹான்ஸ் புயல் வெள்ளத்தில் ஓஸ்லோ–ட்ரொன்ஹெய்ம் பாதையில் ஒரு பாலமே விழுந்து 2024 மே வரை அந்தப் பாதை அடைபட்டது. 2023 டிசம்பரில் தாது ரயில் தடம் புரண்டு கிரூனா–நார்விக் பாதை இரண்டு மாதம் மூடிக்கிடந்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒவ்வொரு பயணத்தையும் ஆப்பில் மறுபடி தேடிப் பாருங்கள்.

பணம்: மூன்று நாட்டுக்கும் மூன்று குரோனர். நார்வே, ஸ்வீடன் காசு சுமார் ஒன்பது பத்து ரூபாய், டென்மார்க் காசு 14 ரூபாய் வாக்கில். மூன்றிலும் நோட்டை நான் தொட்டதே இல்லை, கழிப்பறைக்குக்கூட கார்டுதான். கிளம்புமுன் வங்கியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடச் சொல்லுங்கள், ஓடிபி வரும் இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். டிக்கெட் வாங்கும்போது கடைசிப் பக்கத்தில் ஓடிபி வராமல் பிளாட்ஃபாரத்தில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

சாப்பாட்டுச் செலவுதான் பயமுறுத்தும், அதற்குச் சமையலறை உள்ள விடுதி ஒன்றே வழி. இரண்டு பேருக்குத் தனியறை கிடைக்கும், படுக்கை விரிப்பு தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுபோனோம். தீர்ந்தபோது ஓஸ்லோவின் கிரோன்லாண்ட் பகுதிக் கடைகளில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை வரை கிடைத்தது. நார்வேயில் ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடியுங்கள். பாட்டில் வாங்கினால் தூக்கிப்போடாதீர்கள், கடை வாசல் எந்திரத்தில் போட்டால் முன்பணம் திரும்ப வரும். அவருக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

விசா: மூன்றுமே ஷெங்கன், ஒரே விசா போதும். அதிக இரவு தங்கும் நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி, இந்தச் சுற்றில் அது நார்வே. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

ஸ்வீடன் ரயில்களில் டிக்கெட் எடுக்கையில் அமைதிப் பெட்டி என்று ஒரு தேர்வு வரும், அதைத் தெரியாமல் அழுத்திவிடாதீர்கள். நாங்கள் அதில் உட்கார்ந்துகொண்டு மகளோடு வீடியோ காலில் பேசினோம், ஒரு பாட்டி எழுந்து வந்து ஒன்றும் சொல்லாமல் ஜன்னலில் ஒட்டியிருந்த படத்தை விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

தேதி முடிவு செய்யும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். ஜூன் 19-க்கும் 25-க்கும் நடுவில் வரும் வெள்ளிக்கிழமை ஸ்வீடனில் மிட்சம்மர் ஈவ், நடுக்கோடைத் திருவிழா. அன்றும் மறுநாளும் கடைகள் மூடும், பஸ் குறையும், ஊரே கிராமத்துக்குப் போய்விடும். அந்த இரண்டு நாளில் நீங்கள் அபிஸ்கோ மலையில் இருந்தால் ஒன்றும் தெரியாது, ஸ்டாக்ஹோமில் இருந்தால் பட்டினி இல்லாமல் பார்த்துக்கொள்ள முன்கூட்டியே மளிகை வாங்கி வையுங்கள்.